பெயர்கூடச் சொந்தமில்லாத பயில்வான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த தொழில்முறை மல்யுத்த வீரர்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒரு காலத்தில் அரங்கு நிறைய ஆட்களைக் கூட்டியவர்கள், வயதான பிறகு முட்டி தேய்ந்து, கையில் காசில்லாமல் நிற்பதற்கு ஊதாரித்தனமும் போதையும்தான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிகளை நடத்தும் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் தன் வீரர்களை ஊழியர்களாகக் கணக்கில் கொள்வதில்லை. ஒப்பந்தப்படி அவர்கள் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள். அதாவது வீட்டுக்கு வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போகிற பிளம்பர் மாதிரி. சரி, பிளம்பர் அடுத்த வீட்டு வேலைக்கும் போவாரே? இவர்கள் போக முடியாது. எந்த ஊரில் என்றைக்கு மோதுவது, யாரிடம் தோற்பது, என்ன உடுத்துவது என்று எல்லாமே கம்பெனியின் முடிவு. வரி, உடல்நலக் காப்பீடு என்று வரும்போது மட்டும் 'நீங்கள் சுயேச்சையானவர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்'. ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பல ஆண்டுகளாக விமானச் சீட்டைத்தான் கம்பெனி எடுத்துக் கொடுத்தது. வாடகைக் கார், ஓட்டல் அறை எல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தச் செலவு.

முரண்டு பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெண்டி ரிக்டர் என்ற வீராங்கனையின் கதை போதும். 1985 மார்ச்சில் நடந்த, கம்பெனியின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் முதல் பதிப்பில் பாடகி சிண்டி லாப்பர் உடன்வர, பெண்கள் பட்டத்தை வென்றவர் அவர். அந்த நேரத்தில் கம்பெனியின் உச்ச நட்சத்திரமான ஹல்க் ஹோகனுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் கூட்டியவர்களில் ஒருவர். கொடுக்கிற பணம் போதாது என்று கம்பெனியோடு அவருக்குத் தகராறு. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 'ஸ்பைடர் லேடி' என்ற முகமூடிக்காரியோடு அவருக்குப் போட்டி. எதிராளியின் தோள்கள் தரையில் இருக்க நடுவர் மூன்றுவரை எண்ணினால் வெற்றி. நடுவில் அந்த முகமூடிக்காரி ரிக்டரை மடக்கிப் பிடித்தார். ரிக்டர் தோளை உயர்த்திவிட்டார். நடுவரோ காணாததுபோல மூன்றுவரை எண்ணி முடித்தார். தனக்குச் சொல்லப்பட்டிருந்த முடிவு இதுவல்ல என்பதால் ரிக்டர் விடாமல் அடித்துக்கொண்டேயிருந்து முகமூடியைக் கிழித்தார். உள்ளே இருந்தது ஃபேபுலஸ் மூலா, அவருக்கு வித்தை கற்றுக்கொடுத்தவர்! ரிக்டர் ரிங்கில் போட்டிருந்த உடையோடு வெளியே வந்து, டாக்சி பிடித்து விமான நிலையத்துக்குப் போய்விட்டார். 1997இல் மான்ட்ரியலில் பிரெட் ஹார்ட் என்ற வீரரிடம், பேசி வைத்த முடிவை அவருக்குத் தெரியாமல் மாற்றிப் பட்டத்தைப் பறித்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே ஒரு பெண்ணிடம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

சங்கம் வைத்துக் கேட்க வேண்டியதுதானே என்று தோன்றும். பின்னாளில் மின்னசோட்டா மாகாண ஆளுநரான மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்சுரா 1986இல் ரெஸில்மேனியா 2 சமயத்தில் அதைத்தான் செய்தார். உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் சங்கம் பற்றிப் பேசினார். பேச்சு உடனே முதலாளி வின்ஸ் மக்மேன் காதுக்குப் போயிற்று. யார் சொன்னது என்பது வென்சுராவுக்குத் தெரிய வந்தது பல ஆண்டு கழித்து, தன் வீடியோ உரிமைத்தொகைக்காகத் தொடுத்த வழக்கில் மக்மேன் கொடுத்த சாட்சியத்தில்தான். சொன்னவர் ஹல்க் ஹோகன். அந்த வழக்கில் வென்சுராவுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. சங்கம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்புறம் இந்தப் பெயர் விவகாரம். அண்டர்டேக்கர் போன்ற ஒரு பாத்திரத்தைக் கம்பெனி காசு போட்டு உருவாக்கியது, அந்தப் பெயர் கம்பெனிக்கே என்றால் நியாயம் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் கோடி ரோட்ஸ் என்ற வீரர் 2016இல் வெளியேறியபோது, அவருடைய அப்பாவும் மல்யுத்த வீரருமான டஸ்டி ரோட்ஸ் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்த அந்த 'ரோட்ஸ்' என்ற பெயரையே மகன் ரிங்கில் பயன்படுத்த முடியவில்லை. 2020இல்தான் அது திரும்பக் கிடைத்தது. அதுவரை வெறும் 'கோடி'.

விலகவும் முடியாது. லூக் ஹார்ப்பர் என்ற வீரர் 2019 ஏப்ரலில் என்னை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். மணிக்கட்டுக் காயத்தால் ஓய்வில் இருந்த காலத்தைக் கணக்குக் காட்டி ஒப்பந்தத்தை நீட்டினார்களே தவிர விடவில்லை. டிசம்பரில்தான் விடுதலை. கம்பெனி தானாக வெளியே அனுப்பினாலும் வழக்கமாக 90 நாள் வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. அந்த நாட்களுக்குப் பணம் உண்டு, ஆனால் ரசிகர்களின் ஞாபகம் அத்தனை நாள் சும்மா இருக்குமா?

2020இல் டுவிட்ச் (நேரலை வீடியோ), கேமியோ (ரசிகர்களுக்கு வாழ்த்து வீடியோ) போன்ற இணையத் தளங்களில் வீரர்கள் சொந்தமாகச் சம்பாதிப்பதற்கும் தடை வந்தது. அந்த நவம்பரில் வீராங்கனை செலீனா வேகா, தொழிற்சங்கத்தை ஆதரிக்கிறேன் என்று ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரை நீக்கிவிட்ட அறிவிப்பும் அன்றைக்கே வந்தது. சுயேச்சை ஒப்பந்ததாரருக்கு நடக்கிற காரியமா இது?

மக்மேன் 2024 ஜனவரியில் பதவி விலகிவிட்டார். 2025 முதல் கம்பெனியின் வாராந்தர 'ரா' நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது, பத்தாண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல். கட்டுரையின் அடுத்த பகுதியும் வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகையில் அடிபடுகிறவர்களின் பங்கை அவர்கள் சார்பில் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதையும் அதில் கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்