பேரிக்காய்க்குக் கழுத்தில்தான் பதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்காலம் தொடங்கியதும் இணைப்பிதழ்களில் சமையல் குறிப்புகள் வரிசை கட்டி வருகின்றன. படங்களைப் பார்த்தாலே பசி எடுக்கிறது. ஆனால் அந்தக் காயையும் பழத்தையும் எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டில் எங்கே வைப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. செப்டம்பரில் வருகிறவற்றில் சில, வாங்கிய அன்றே சாப்பிட்டுவிட வேண்டியவை. சில, வாங்கிய அன்று தொடவே கூடாதவை. இதை மாற்றிச் செய்துவிட்டு, ‘இந்த வருஷம் பழத்தில் ருசியே இல்லை’ என்று பழத்தின்மேல் பழியைப் போடுகிறோம்.

இதில் அதிகம் பழி சுமப்பது பேரிக்காய். மரத்திலேயே பழுத்தால்தான் பழம் நன்றாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். பார்ட்லெட், ஆன்ஜூ, காமிஸ் போன்ற ரகங்களுக்கு அது பொருந்தாது. இவை உள்ளிருந்து வெளியே பழுப்பவை. மரத்தில் விட்டுவைத்தால், தோல் பார்க்க நன்றாக இருக்கும்போதே நடுப்பகுதி பழுப்பேறிக் குழைந்துவிடும். சதையும் மணலை மென்றது போல நறநறக்கும். அதனால்தான் முற்றிய பிறகு, கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். கடையில் கல் மாதிரி இருப்பது அதன் குறையல்ல.

வாங்கி வந்ததும் குளிர்பெட்டியில் போடாமல் மேசைமேல் வையுங்கள். 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில் மூன்றிலிருந்து ஏழு நாளில் கனியும். தினமும் காலையில் காம்புக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அங்கே சற்று இளகிக் கொடுத்தால் அதுதான் பதம். வயிற்றுப் பகுதி இளகும் வரை காத்திருந்தால் உள்ளே காரியம் முடிந்திருக்கும். அங்கே அழுத்தினால் கன்றியும் போகும். நிறத்தை நம்பிப் பயனில்லை. பார்ட்லெட் பச்சையிலிருந்து மஞ்சளாகும், ஆனால் பச்சை ஆன்ஜூ கனிந்த பிறகும் பச்சைதான். அவசரமென்றால் ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு வைக்கலாம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு கனிவதை விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கழுத்து இளகியதும் குளிர்பெட்டிக்கு மாற்றினால் இன்னும் சில நாள் தாங்கும். சாப்பிட அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும். ஆப்பிள் போல உருண்டையாக, மொறுமொறுவென்று இருக்கும் ஆசியப் பேரிக்காய்க்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். அது மரத்திலேயே பழுத்து வருவது.

இனிப்புச் சோளம் இதற்கு நேர்மாறு. கதிரை ஒடித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் வேகம். மட்டை பச்சையாக, குஞ்சத்தின் நுனி பழுப்பாக, ஒடித்த இடம் காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டையை உரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவது நல்லதல்ல. உரித்த கதிர் காய்ந்துவிடும், அடுத்து வருபவருக்கு அதுதான் கிடைக்கும். மட்டைக்கு மேலேயே தடவினால் நுனி வரை மணி கட்டியிருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். அன்றே வேகவைக்க முடியாவிட்டால் மட்டையோடு குளிர்பெட்டியில் வையுங்கள். கொதிக்கும் நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மணி கெட்டிப்படும்.

திராட்சையும் அத்தியும் பறித்த பிறகு இனிப்பு ஏறாதவை, புளிப்பாக வாங்கினால் புளிப்பாகவே இருக்கும். திராட்சையின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அதன் சொந்த மெழுகுதான். சாப்பிடும் நேரத்தில் கழுவினால் போதும். முன்கூட்டியே கழுவி வைத்தால் காம்போரம் அழுகும். அத்தியில் கழுத்து தொய்ந்து, தோல் இலேசாகக் கீறிவிட்டிருப்பதை எடுங்கள். அழகாக விறைத்து நிற்பது காய்.

அடுத்து பரங்கி. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்று நம்பி வாங்கி, மூன்றாவது வாரம் தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் காம்பு. காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது பிய்ந்து, அந்தக் காயம் வழியே அழுகல் உள்ளே போய்விடும். தோட்டத்தில் அறுப்பவர்கள் நான்கு விரல் நீளமாவது காம்பு விட்டு வெட்ட வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக் கூடாது, பதிந்தால் முற்றவில்லை. அறுத்ததும் 27 டிகிரி அளவுள்ள, காற்றோட்டமான இடத்தில் சுமார் பத்து நாள் வைத்தால் தோல் இறுகி, சின்னக் கீறல்கள் ஆறிவிடும். பிறகு 10 முதல் 13 டிகிரி உள்ள உலர்ந்த இடம். அதற்குக் கீழே குளிர்ந்தால் தோலில் குழி விழுந்து அழுகத் தொடங்கும், ஆகவே முழுக் காயைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. சிமெண்டுத் தரையில் வைக்காமல் அட்டையோ பலகையோ போட்டு, ஒன்றையொன்று இடிக்காமல் வையுங்கள். பட்டர்நட் வகையை ஒரு மாதம் விட்டுச் சமைத்துப் பாருங்கள். உள்ளேயிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகி, வாங்கிய அன்று இருந்ததைவிட நன்றாக இனிக்கும். சோளத்தில் நடப்பது இங்கே தலைகீழாக நடக்கிறது!

ஆப்பிளுக்கு உங்கள் செய்தித்தாளே உதவும். அடிபடாத, காம்போடு உள்ள பழங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் அரைத் தாளில் சுற்றி, குளிர்ந்த இடத்தில் ஒரே அடுக்காக வையுங்கள். ஒன்று அழுகினாலும் பக்கத்துப் பழத்தில் ஒட்டாது. பருவத் தொடக்கத்தில் வரும் ரகங்கள் நீண்ட நாள் தாங்காது, அவற்றை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். ஃபூஜி, கிரானி ஸ்மித் போன்றவை மாதக்கணக்கில் இருக்கும். பக்கத்தில் கேரட்டை வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் பட்டால் கேரட் கசந்துவிடும். உறைபனிக்கு முன் செடியிலிருந்து பறித்த பச்சைத் தக்காளிக்கும் அதே தாள்தான். முற்றிய காய் அறை வெப்பத்தில், இருட்டிலேயே சிவக்கும். சன்னலோர வெயில் தேவையில்லை.

காசில்லாத ஒரு விருந்தும் இந்த நாட்களில் உண்டு. வடகோளத்தில் செப்டம்பர் 22, 23ஐ ஒட்டி வரும் முழுநிலவு, அடுத்தடுத்த மாலைகளில் வழக்கம் போல ஐம்பது நிமிடம் பிந்தாமல், நடு அட்சரேகைகளில் அரை மணிக்குள்ளாகவே பிந்தி எழும். அதனால் மூன்று நான்கு நாள் தொடர்ந்து, இருட்டும் நேரத்திலேயே பெரிய நிலா கிழக்கே நிற்கும். கழுத்து இளகிய பேரிக்காயை நறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார அதைவிட நல்ல நேரம் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, அந்த வாரத்துப் பழமோ காயோ ஒன்றைப் பற்றி எப்படிப் பார்த்து எடுப்பது, எங்கே வைப்பது, எத்தனை நாள் என்று நான்கு வரி போடுங்கள். முதல் வாரம் அத்தியாக இருக்கட்டும். பரங்கி காத்திருக்கும், அது காத்திருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்