கனடாவின் விளையாட்டுத்துறை இராஜாங்கச் செயலாளர் அடம் வான் கூவர்டன் அவர்களுக்கு ஒரு தாயின் மடல்

வணக்கம் ஐயா.

போன வாரம் என் 14 வயது மகள், இனிக் கயாக் (துடுப்பு வள்ளம்) பயிற்சிக்குப் போகவில்லை, அலுத்துவிட்டது என்றாள். மூன்று கோடையாக, விடிய ஐந்து மணிக்கு நான் எழுப்பும் முன்பே எழுந்து நின்ற பிள்ளை. நானும் நம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கழகம் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தேன். பருவக் கட்டணம், போட்டிக் கட்டணம், குளிர்காலப் பயிற்சி எல்லாம் கூட்டினால் எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. எனக்கு முதலே அவள் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறாள்.

பந்தயக் கயாக் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் கோடை முழுக்க ஏறுவதும் கவிழ்வதும்தான். மே மாதத்து ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் விழுந்து, நடுங்கிக்கொண்டு கரைக்கு வருவாள், வள்ளத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றுவாள், திரும்பவும் ஏறுவாள். கொப்பளித்த உள்ளங்கைக்கு இரவில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டது நான்தான். இப்போது அந்தக் கை காய்த்துவிட்டது. அலுத்துப்போன பிள்ளைக்குக் கை அப்படிக் காய்க்குமா?

கூட்டுறவுக் குடியிருப்பில் வளர்ந்தவன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஓக்வில்லின் பேர்லோக் வள்ளக் கழகத்தில் தொடங்கி 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கயாக் 500 மீட்டரில் தங்கம் வென்றீர்கள். 2008இல் பெய்ஜிங்கில் 1000 மீட்டரில் எட்டாவதாக வந்து, அடுத்த நாளே 500 மீட்டரில் வெள்ளி எடுத்தீர்கள். தோற்ற மறுநாளும் வள்ளத்தில் ஏறலாம் என்று அதைக் காட்டித்தான் மகளுக்குச் சொன்னேன். காசில்லாவிட்டால் ஏற முடியாது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

நான் கேட்பது ஒன்றுதான். வசதி குறைந்த பிள்ளைகளின் கட்டணத்தை மத்திய அரசு நேரே கழகத்துக்குக் கட்ட வேண்டும். முன்பு பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு ஒரு வரிச்சலுகை இருந்தது. 2007இல் அது வந்தபோது 500 டொலர் செலவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 75 டொலர். அதையும் 2017இலிருந்து உங்கள் கட்சியின் அரசு நிறுத்திவிட்டது. நீங்கள் அப்போது பாராளுமன்றத்தில் இல்லை, சரி. ஆனால் 2019இலிருந்து இருக்கிறீர்கள், 2025 மே மாதத்தில் விளையாட்டுத்துறையும் உங்கள் கைக்கு வந்தது. முதலில் கட்டு, அடுத்த வருடம் வரியில் கழித்துக்கொள் என்பது கட்ட முடிந்தவர்களுக்குத்தான் உதவி. எங்களுக்குப் பதிவு நாளன்றே காசு வேண்டும்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வள்ளப் போட்டியில் எங்கள் கனடாவின் கேற்றி வின்சென்ற் 0.01 வினாடி முந்தித் தங்கம் எடுத்தபோது நாங்கள் தாயும் மகளும் வீட்டில் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பதக்கம் வந்தால் அரசியல்வாதிகள் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அந்தப் பிள்ளை பத்து வயதில் கரையில் நின்றபோது யார் கட்டணம் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் ஆட்களோ அந்தக் காசுக்குக் கணக்கு வகுப்புக்கு அனுப்பலாமே என்கிறார்கள், அவர்களோடு வாதாடியும் களைத்துவிட்டேன். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

கழகக் கட்டணத்தை நேரே கழகத்துக்குக் கட்ட ஒரு வழி செய்யுங்கள், வருகிற வரவுசெலவுத் திட்டத்திலாவது. பணிவாகத்தான் கேட்கிறேன். எங்கள் கழகத்தில் பதிவு இந்த மாதம் 30ஆம் திகதி முடிகிறது. அவளுடைய துடுப்பு இன்னும் காரின் பின்பக்கத்தில்தான் கிடக்கிறது. அவள் எடுக்கச் சொல்லவுமில்லை, நான் எடுக்கவுமில்லை.