ஆயிரம் கிலோ பரங்கிக்காய்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்கு மயிலாடுதுறையிலேயே வேலை கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம், இனி நீ சென்னைக்கும் ஊருக்குமாக அலைய வேண்டாம் பார். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திராமல் டாக்டரிடம் போய்க் காட்டுடி, சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

இங்கே கலிபோர்னியாவில் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, முறுக்குக்கு மாவு பிசையலாம் என்று நான் உட்கார்ந்த நேரத்தில், மாப்பிள்ளை எல்லாரையும் காரில் ஏற்றி ஹாஃப் மூன் பே என்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரங்கிக்காய்த் திருவிழாவாம். நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து சான் மாட்டியோ பாலம் தாண்டி 92ஆம் நம்பர் சாலையில் மலை ஏறி இறங்கினால் கடல், அதை ஒட்டி அந்த ஊர். பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர்தான், ஆனால் அன்றைக்கு மலையிலிருந்தே கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பேரன் தூங்கி எழுந்து மறுபடி தூங்கிவிட்டான்.

1971இல் அங்கே மெயின் ஸ்ட்ரீட்டைச் சீர்செய்யப் பணம் சேர்ப்பதற்காக இதை ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதும் சாப்பாட்டுக் கடைகளில் பல உள்ளூர்ப் பள்ளிக்கூடம், கிளப் என்று ஏதாவது ஒன்றுக்காக நடத்துவதுதானாம். நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள், இவர்கள் பரங்கிக்காய் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஐஸ்கிரீமில் பட்டை கிராம்பு வாசனைதான் தூக்கலாக இருந்தது, காயைத் தேட வேண்டியிருந்தது. கைவினைக் கடைகளில் எல்லாமே யானை விலை, பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பெரிய காய்களை நீ பார்த்திருக்க வேண்டும். உருண்டையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், இல்லை. தன் எடை தனக்கே தாங்காமல் ஒரு பக்கம் சரிந்து, விருந்து முடிந்து திண்ணையில் சாய்ந்த பண்ணையார் மாதிரி கிடக்கிறது. தோல் வெளிறின ஆரஞ்சு, மேலெல்லாம் தழும்பு, காம்பு என் முழங்கைப் பருமன். எடைப் போட்டி முந்தின திங்கட்கிழமையே முடிந்துவிட்டது, ஜெயித்தவற்றைத்தான் காட்சிக்கு வைத்திருந்தார்கள். முதல் பரிசு பிராண்டன் டாசன் என்ற இன்ஜினியருக்கு, 2,346 பவுண்டு, அதாவது ஆயிரத்து அறுபது கிலோவுக்கு மேல். பவுண்டுக்கு 9 டாலர் பரிசு, கணக்குப் போட்டுக்கொள். போன வருஷம் இதே மனுஷன் வெறும் 6 பவுண்டில் தோற்றாராம், மினசோட்டாவில் தோட்டக்கலை சொல்லிக்கொடுக்கும் ட்ராவிஸ் கீங்கரிடம். கீங்கர் 2023இல் இதே ஊரில் 2,749 பவுண்டு காயைக் கொண்டுவந்து உலக சாதனை செய்தவர். அந்தச் சாதனையை இந்த 2025 அக்டோபரில்தான் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர்கள் 2,819 பவுண்டில் முறியடித்துவிட்டார்கள்.

எப்படி வளர்க்கிறார்கள் என்று மாப்பிள்ளையைக் குடைந்து எடுத்துவிட்டேன், பாவம் அவர் போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கொடிக்கு ஒரே ஒரு பிஞ்சு, மற்றதையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். விடிகாலையில் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண்பூவில் கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள், வண்டை நம்புவதில்லை! மார்கழியில் கோலத்துக்கு ஆண்பூவாகப் பார்த்துப் பறிக்கச் சொல்லி உன் பாட்டி நம் இரண்டு பேரையும் விரட்டுவாளே, அவள் இங்கே பிறந்திருந்தால் பரிசு வாங்கியிருப்பாள். வளரும் வேகத்தில் ஒரே நாளில் இருபது கிலோ ஏறுமாம். வெயில் படாமல் துணி போர்த்துகிறார்கள். இவ்வளவும் செய்து கடைசியில் உள்கூடு வரைக்கும் ஒரு விரிசல் விழுந்தால் போதும், போட்டியில் சேர்க்க மாட்டார்கள், அத்தனை மாத உழைப்பும் போச்சு.

இத்தனைக்கும் இந்தக் காயை யாரும் சமைப்பதில்லை, ருசியே இல்லை, வெறும் தண்ணீர். விதைக்குத்தான் மதிப்பு. இந்தப் போட்டிக் காய்களெல்லாம் கனடாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜயண்ட்’ ரகத்தின் வழிவந்தவை. இப்போதும் காயின் எடை, வளர்த்தவர் பெயர், வருஷம் மூன்றையும் சேர்த்து விதைக்குப் பெயர் வைத்து, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், ஜாதகம் மாதிரி. போட்டிக்கு வருகிறவனுக்கே நல்ல விதையைக் கொடுப்பானா என்று முதலில் நம்பவில்லை, கொடுக்கிறார்களாம். சாப்பிட முடியாத காய்க்கு இத்தனை பாடா என்று என் பெண் சிரித்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீயும் மொட்டைமாடித் தொட்டியில் விற்கவா காய் வளர்க்கிறாய்?

வரும் வழியில் சமைக்கிற சின்னக் காய் ஒன்று வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுப் பால் கூட்டு செய்தேன். இனிப்பு கொஞ்சம் கம்மிதான், மாப்பிள்ளை இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

அப்புறம், அங்கே மழை பிடித்துக்கொண்டதாமே. எங்கள் கொல்லைப்பக்க ஓடு ஒழுகுகிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு எழுது, சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குள் வந்துவிடுவேன்.

உன்,
கமலா