கறுத்த ஆயில் கெட்ட ஆயில் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் வந்த வாகனப் பராமரிப்புக் கட்டுரையில், இன்ஜின் ஆயில் கறுத்துவிட்டால் உடனே மாற்றச் சொல்லியிருந்தீர்கள். கூடவே, ஆயிலோடு கலக்கக் கடையில் தனியாக விற்கும் மருந்து, அதாவது அடிட்டிவ், ஒரு பாட்டில் ஊற்றினால் தேய்மானம் குறையும் என்றும். இருபது வருடமாக பைக் பிரித்து மாட்டுகிறேன். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆயில் கறுக்கிறது என்றால் அதில் கலந்திருக்கும் மருந்து வேலை செய்கிறது. கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த சரக்கு பிஸ்டனில் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும், அமிலத்தையும் முறிக்கும். இன்னொரு சரக்கு அந்தக் கரித்தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசடாகாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும். பழைய ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது அழுக்கு வெளியே வர வேண்டுமானால் அது ஆயிலில்தானே இருக்க வேண்டும்? வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு மாற்றினால் போதும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தேய்மானத்துக்கும் ஆயில் டப்பாவிலேயே மருந்து உண்டு. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒன்று, வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் உரசும் இடத்தில் சூட்டில் மெல்லிய படலமாகப் படியும். இரும்புக்குப் பதில் அந்தப் படலம் தேயும். அளவு பார்த்துக் கலந்ததில் நாமும் ஒரு கை அள்ளிப் போட்டால் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்ட கதைதான். அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்ற அடிட்டிவ் தேய்மானத்தைக் குறைப்பதாகச் செய்த விளம்பரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1996-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது.

போன மாதம் ஒரு பால்காரர் வந்தார். “அண்ணே, வண்டி கத்துது, மேடு ஏற மாட்டேங்குது.” உராய்வைக் குறைக்கும் பாட்டில் ஒன்றை ஊற்றியிருக்கிறார். காரில் கிளட்ச் பெரும்பாலும் ஆயில் படாத இடத்தில் இருக்கும். பைக்கில் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கும்; உராய்வு இருந்தால்தான் அது பிடிக்கும். கவரைத் திறந்தால் கிளட்ச் பிளேட்டெல்லாம் வழுவழுவென்று கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு செட் தண்டச் செலவு.

கியர் பைக்குக்கு டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்க வேண்டும். 'எம்.பி.' என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டூ வீலர் மெக்கானிக்,
ஈரோடு.