பழைய கணினியைக் கண்டம் செய்யும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, தென்காசியில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள்: "அண்ணே, இதை எக்ஸ்சேஞ்சில போட்டா எவ்வளவு கிடைக்கும்?" அடுத்து வந்த விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் ரிப்பேர் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வீட்டில் இருப்பது எடைக்குப் போகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இருப்பதைக் கண்டம் செய்து, அதாவது இனி உதவாது என்று கழித்து, மூலையில் அடுக்கிவிடுகிறார்கள்.

அடுக்குவதற்கு முன், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸில் இலகுவான ஒன்றைப் பென்டிரைவில் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஹார்டு டிஸ்கில் கை வைக்காமலே ஓட்டலாம். பிடிக்கவில்லையா, பென்டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு. "அதை அழிச்சிட்டு இடத்தை மீட்டுத் தாங்க" என்று கொண்டுவந்த பிள்ளைகள்தான் அதிகம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் சாத்தியமாவது இந்தப் பக்கம் ஏன் ஆகாது?

லினக்ஸில் பல வகை உண்டு. 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 2 ஜிபி என்றால் லுபுண்டு, அதற்கும் கீழே ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி. பப்பி முழுவதும் ராமிலேயே ஏறி ஓடுவதால் ஹார்டு டிஸ்க் செத்த கணினியும் எழுந்து நிற்கும். கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசசர் என்றதும் 32 பிட் பதிப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அவசியமில்லை, அவை 64 பிட்டையே ஓட்டும். 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுச் சுழலாத, வேகமான சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் பாதி வியாதி அப்போதே தீரும். ஆனால் பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்தால் எந்த லினக்ஸும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. "நெட் வருது, ஆனா எந்த சைட்டும் திறக்கல" என்று கொண்டுவரும் பழைய மெஷினில் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் பேட்டரி தீர்ந்து, தேதி எங்கோ பின்னால் போயிருக்கும். தேதி தப்பென்றால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. வாட்ச் கடையில் கிடைக்கிற அந்தப் பேட்டரிக்காக முழு மெஷினையே எடைக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்குப் போடும் கடைக்காரருக்கு லினக்ஸ் தலைவலிதான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் சில பழைய ஸ்கேனருக்கும் டிரைவர் தேடிச் சலித்துப்போகும். பள்ளி ஆய்வகம், நூலகம், வீட்டில் படிக்கிற பிள்ளை, மனு அடித்துக் கொடுப்பவர் ஆகியோருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸும், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸும் தாராளம்.

மனு என்றதும் எழுத்துரு விவகாரம் வந்துவிடும். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகை உண்டு. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களின் கை பழகிய டைப்ரைட்டர் விசைப்பலகையும் உண்டு. ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருள்களையும் நிறுவினால் வந்துவிடும். சிக்கல் பழைய கோப்புகளில்தான் இருக்கிறது. யூனிகோடு, டேஸ் 16 என்ற இரு எழுத்துக் குறியீட்டு முறைகளையும் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்தும், பழைய எழுத்துருவிலேயே அடித்துவைத்த கோப்புகள் இன்றும் கைமாறுகின்றன. அந்த எழுத்துருவை லினக்ஸில் நகலெடுத்துப் போட்டால் படிக்க முடியும். திருத்தி அடிக்கப் போனால், அந்த எழுத்துருவுக்கான விசைப்பலகை மென்பொருள் விண்டோஸை விட்டு வராது. ஒரு குமாஸ்தா இதற்காகவே விண்டோஸைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரவேண்டியது அந்தந்த அரசுத் துறையின் வேலை.

அதுவரை, கண்டம் செய்வதற்கான படிவத்தில் "லினக்ஸ் போட்டுப் பார்த்தாயிற்றா?" என்று ஒரு கட்டத்தையாவது சேர்க்கட்டும். இல்லை என்று எழுதினால் காரணமும் எழுதட்டும்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
தென்காசி.