போனாரு, வரல

ஈசூன், சிங்கப்பூர்,
பிப்ரவரி 17

அன்புள்ள செல்வம்,

முழங்கால் அறுவை நல்லபடி முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

நேற்று முன்தினம் முழுமைத் தற்காப்பு தினம். மாலை 6.20க்குச் சங்கு ஊதியது. 1942இல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஃபோர்டு தொழிற்சாலையில் ஜப்பானியரிடம் சரணடைந்த நாளல்லவா? பேத்தி கேட்டாள், "நம்ம வீட்டுல யாரு தாத்தா சண்டைக்குப் போனாங்க?" யோசிக்காமல், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பெரியப்பா கதையை ஆரம்பித்துவிட்டேன். 1943 ஜூலை 5, பாடாங் திடல், நேதாஜி, "டெல்லி சலோ". உனக்குத்தான் தெரியுமே, அந்த இடம் வந்ததும் பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து சல்யூட் அடிப்பார். நானும் எழுந்து நின்று அடித்தேன். அவளுக்கு ஒரே குஷி.

இரவு தூக்கம் வரவில்லை. அதே வருஷம் அம்மாவின் அப்பா ஜொகூர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரனுக்காகச் சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனாரே, அவர் ஏன் என் வாயில் வரவில்லை? பாட்டி அவரைப் பற்றிச் சொன்னது இரண்டே சொல்: "போனாரு, வரல." சொல்லிவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். நாங்கள் யாரும் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை.

பள்ளியில் வெட்சி, நொச்சி, வாகை என்று மனப்பாடம் செய்தோமே. ஆநிரை கவர்ந்தால் ஒரு பூ, மதிலைக் காத்தால் ஒரு பூ, வென்றால் ஒரு பூ. மார்பில் புண்பட்டவனுக்குப் பாட்டும் நடுகல்லும். மூங்கில் கொட்டகையில் வாந்திபேதியில் செத்தவன் எந்தத் திணை? வீரன் கதைக்கே பழகிய காது நமக்கு. பெரியப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் துணிந்து போனவர். ஆனால் அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளைவிட நம்மைப் போன்ற ஆசியத் தொழிலாளர்கள்தாம் அதிகம் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக நிற்கிறது. தாத்தாவுக்கு எங்கே போய்க் கற்பூரம் ஏற்றுவது?

நேற்று பேத்தியிடம் அவரைப் பற்றிச் சொன்னேன்.

"அவரு யாரைச் சுட்டாரு?"

"யாரையும் சுடலம்மா. கட்டை சுமந்தாரு."

"அப்புறம்?"

எனக்குத் தெரியவில்லை, செல்வம். உன் பெரிய அத்தை அதே தோட்டத்தில் வளர்ந்தவர்தானே, அப்போது எட்டு வயதாவது இருக்கும். கேட்டு எழுது. லாரி பகலில் வந்ததா இரவிலா, தாத்தா கையில் என்ன கொண்டுபோனார், எதுவானாலும் சரி. சீக்கிரம் கேள், அவருக்கும் தொண்ணூறு ஆகிறது.

அன்புடன்,
மணி