ஒசாகாவுக்குப் போன அமெரிக்க போலீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாலிவுட்டின் ஜப்பானியக் குற்றப் படங்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, அவை 'ஜப்பானியப் பண்பாட்டைப் போற்றுகின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சினிமா புரொஜெக்டர் ஓட்டியே காலம் தள்ளியவன் கேட்கிறேன்: போற்றுவது யாரை?

ரிட்லி ஸ்காட்டின் 'பிளாக் ரெயின்' (1989) படத்தில் ஜப்பானிய நகரமான ஒசாகா முழுக்கப் புகையும் நியான் வெளிச்சமும்தான். அமெரிக்க போலீஸாக வரும் மைக்கேல் டக்ளஸ் விதியை மீறினால் வீரம். விதிப்படி நடக்கும் ஜப்பானிய போலீஸ் கென் தகாகுராவை அமெரிக்கர் வந்துதான் திருத்த வேண்டுமாம்! யாகுசா (ஜப்பானிய தாதா கும்பல்) வேடங்களில் ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த நடிகர் தகாகுரா.

ஆனால் அதே படத்தில், அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுவீச்சுக்குப் பின் பெய்த கரிய மழையைச் சிறுவனாகப் பார்த்த தாதா சுகாய், இன்றைய சீரழிவுக்கு அமெரிக்காவே காரணம் என்று டக்ளஸின் முகத்துக்கு நேரே சொல்வார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. ஜப்பானின் சோனி, ஹாலிவுட்டின் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியதும் அதே 1989-இல்தான். அமெரிக்கர்களின் அன்றைய வயிற்றெரிச்சலையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

சிட்னி போலக்கின் 'தி யாகுசா' (1974) எவ்வளவோ மேல். அதில் அமெரிக்கராக வரும் ராபர்ட் மிட்சம், யாகுசா வழக்கப்படி தன் விரலைத் தானே வெட்டிக்கொடுத்து மன்னிப்புக் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர்